கையெழுத்துப் போடும் முன்
மருந்து ஆய்வுகளைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கையில் ஏழெட்டுப் பக்கத் தாள்கள். "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்" என்றார்.

அவருடைய வீட்டுக்காரருக்குக் காசநோய். மாத்திரை சாப்பிட்டுத் தேறி வருகிறார். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ஒரு மருந்தை ஆய்வு செய்கிறார்களாம். அதில் சேரச் சம்மதமா என்று கேட்டு ஒரு மருத்துவமனையில் கொடுத்த படிவம் அது. முழுவதும் மலையாளத்தில் இருந்தது.

"நீங்கதான் மலையாளம் நல்லாப் பேசுவீங்களே அம்மா?" என்றேன்.

"பேசுவேன் சார், படிக்கத் தெரியாதே. பிள்ளைக படிக்கும். ஆனா இந்த டாக்டர் பாஷை அதுகளுக்கும் புரியல. பக்கத்து லயத்துல, 'உங்கள வச்சு எலி மாதிரி சோதிக்கப் போறாக, போகாதே'ங்கறாக. இன்னொருத்தி, 'காசு தருவாக, போட்டுரு'ங்கறா. எது சார் நெசம்?"

இரண்டுமே சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். அன்று அவருக்கு விளக்கியதையும், அதன் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து நம் மலருக்கு எழுதுகிறேன். இன்று அவர் கையில் இருந்த தாள் நாளை நம் எவர் வீட்டுக்கும் வரலாம்.

போடிக்கு ரயில் வந்த கதை

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010-ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றி, 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் பயணிகள் ரயில் வந்தது. தண்டவாளம் போட்டு முடித்த அன்றே ஆட்களை ஏற்றிவிடவில்லை. முதலில் வெறும் என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு வேகச் சோதனை நடந்தது. கடைசியாக ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தார். இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ரயிலை விடுகிறவரே 'பாதை பத்திரம்' என்று சான்றும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

புது மருந்தும் இப்படிப் படிப்படியாகத்தான் வருகிறது. ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும் சோதித்த பிறகு, முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குக் கொடுத்து உடம்பு தாங்குகிறதா, எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேரிடம் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள். கடைக்கு வந்த பிறகும் பக்க விளைவுகளைக் கவனிப்பது நான்காம் கட்டம். யாராவது உங்களை அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, "இது எத்தனையாவது கட்டம்?" என்பதே.

சீட்டுக் குலுக்கல் எதற்கு?

பலருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. ஆய்வில் சேருபவர்களில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் முடிவு செய்கிறார்கள். டாக்டர் தம் விருப்பப்படி திடகாத்திரமான ஆட்களுக்கெல்லாம் புது மருந்தைக் கொடுத்து, மெலிந்தவர்களுக்குப் பழையதைக் கொடுத்தால், குணமானது மருந்தினாலா உடல் வலுவினாலா என்று தெரியாமல் போய்விடும். பல ஆய்வுகளில் யாருக்கு எது கிடைத்தது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. சிலவற்றில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ ஊசியோ கொடுப்பதும் உண்டு. ஆகவே, ஆய்வில் சேர்ந்தால் புது மருந்து நிச்சயம் கிடைக்கும் என்றோ, நமக்கு நிச்சயம் நன்மை என்றோ எண்ணிக்கொண்டு சேரக் கூடாது.

சென்னை நோயாளிகள் உலகுக்குச் செய்த உதவி

'எலி மாதிரி' என்று பயப்படுகிறவர்களுக்கு, நம் தமிழ் மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் வீட்டை விட்டு சானடோரியத்துக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே படுத்திருக்க வேண்டும் என்றுதான் வைத்தியம். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இந்த நிலையில் 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அங்கே பணியைத் தலைமையேற்று நடத்தினார்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மறு பாதியினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். இரண்டும் ஓராண்டு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுகள். வீட்டில் நெரிசலான குடிசை, அரை வயிற்றுச் சாப்பாடு, பலருக்கு வேலையும் உண்டு. மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, மாத்திரையை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் மருந்து உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள்.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய்க் கிருமி அடங்கியிருந்தது. அதைவிடப் பெரிய கேள்வி, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றுமா என்பது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்று தெரிந்தது.

1959-இல் இந்த முடிவு வெளியானது. சானடோரியம் கட்டாயம் என்ற எண்ணம் உலகெங்கும் மாறத் தொடங்கியது. நம் சகோதரியின் கணவர் இன்று தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதற்கு அன்று சம்மதித்த அந்த ஏழை நோயாளிகளும் ஒரு காரணம். அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. 2011-இல் அதற்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஆய்வு என்றால் நல்ல முடிவுதான் வரும் என்றில்லை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கு பெற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்க்கு அது பாதுகாப்புத் தருகிறது. ஆகவே பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடுவதை எவரும் நிறுத்தக் கூடாது.

இனி வருபவை

பெரியவர்களுக்கு நல்ல தடுப்பூசி இல்லாததால்தான் இன்று பல ஆய்வுகள் நடக்கின்றன. எம்72 என்ற தடுப்பூசி, முந்தைய கட்டத்தில் ஆப்பிரிக்காவில் சுமார் 3,300 பேரிடம் சோதிக்கப்பட்டு, நோய் வருவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 20,000 பேர் வரை சேர்க்கும் மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். 2019-இல், காசநோயாளிகளின் வீட்டாரில் சுமார் 12,000 பேரைச் சேர்த்து இரண்டு தடுப்பூசிகளை ஆராயத் தொடங்கியது. ஸ்பெயினில் உருவான எம்.டி.பி.வேக் என்ற தடுப்பூசியின் சோதனை 2024-இல் இந்தியாவில் தொடங்கியது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நோயாளியின் வீட்டாரையே பெரும்பாலும் தேடுவார்கள். நம் லயங்களுக்கும் படிவம் வந்து சேர்வது இதனால்தான்.

எல்லா ஆய்வும் ஊசி, மாத்திரை என்று நினைக்க வேண்டாம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் இந்த முடிவு வெளிவந்தது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மற்றவர்களின் சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும் என்பது நமக்கும் பாடம்.

தவறு நடந்ததும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்து 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. பெற்றோரின் சம்மதத்தை அலட்சியப்படுத்தியதுதான் அங்கே நடந்த பெருந்தவறு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பிள்ளைகளை விடுதியில் சேர்த்திருக்கும் நம் போன்ற குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது.

காலப்போக்கில் விதிகள் இறுகின. 2009 ஜூன் 15 முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். 2019-இல் புதிய மருந்து ஆய்வு விதிகள் வந்தன. ஆய்வை நடத்துபவர்களை மேற்பார்வை செய்ய நெறிமுறைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். ஒரு பெண்ணும், சட்டம் தெரிந்தவரும், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். நம் ரயில்வே பாதுகாப்பு ஆணையரைப் போன்ற ஏற்பாடுதான் இதுவும்.

கேட்க வேண்டியவை

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

1. படிவம் எனக்குப் புரியும் மொழியில் வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. கேரளத்தில் நடக்கும் ஆய்வானாலும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் தமிழில் கேட்கலாம். படிக்கவே தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன் வாசித்துக் காட்ட வேண்டும்.

2. பதிவு எண் என்ன? சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண் அது.

3. எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள், வண்டிச் சத்தமும் அன்றைய கூலியும் கிடைக்குமா?

4. சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? சேராததற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. நடுவில் விலகவும் எந்த நேரத்திலும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

5. எனக்குப் பாதிப்பு வந்தால்? புது மருந்து ஆய்வுகளில் இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வினால்தான் என்று உறுதியானால் நஷ்டஈடும் உண்டு. யாருக்குப் போன் செய்வது என்பது படிவத்தில் இருக்க வேண்டும்.

6. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியை வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது மருந்து வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு.

அந்தச் சகோதரி மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. மருத்துவமனைக்குப் போய், "எனக்குத் தமிழில் வேண்டும், வீட்டில் கலந்து பேச நேரமும் வேண்டும்" என்று கேட்டார். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார்களாம். பத்து நாள் கழித்துத் தமிழில் அச்சடித்த படிவம் வந்தது. அவருக்கு மட்டுமல்ல, அதே ஆய்வுக்கு அழைக்கப்பட்ட மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து வாசித்தார்கள். கணவரும் மூத்த மகளும் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டார். பிறகு அவர் எடுத்த முடிவு அவருடைய சொந்த விஷயம். புரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பது எனக்குத் திருப்தி.

படிவத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் தயங்காமல் நம் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.