முதற் பாவையைத் தேடி

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் குடும்பங்களில் ஒரு குறையை அடிக்கடி கேட்கிறோம். பெற்றோர் தமிழில் வினவுகின்றனர். பிள்ளைகள் அதனை நன்கு விளங்கிக்கொண்டு, மராட்டியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை கூறுகின்றனர். தமிழ் தெரியாமை இதற்குக் காரணமன்று. தவறாகப் பேசிவிட்டால் பிறர் நகைப்பரே என்னும் கூச்சமே பெரும்பாலும் காரணமாகிறது. அக்கூச்சத்தைப் போக்கும் வழிகளுள் ஒன்று பாவையாட்டம். கையில் ஒரு பாவையை மாட்டிக்கொண்ட குழந்தை, பேசுவது தானன்று, பாவையே என்று எண்ணிக்கொள்கிறது. சொல் பிறழ்ந்தால் நகைப்பு பாவையைச் சாரும். குழந்தைக்கு அதனால் இழிவில்லை. ஆகவே அது துணிந்து பேசுகிறது.

பாவையாட்டத்தைப் பொழுதுபோக்காகப் பயிலத் தொடங்குவது எவ்வாறு, முதற் பாவையை எங்கே தேடுவது என்பனவற்றைப் புனே நகரத்தில் வாழும் தமிழ் அன்பர்களை முன்னிட்டு இங்கே எடுத்துக் கூற விரும்புகிறோம். பிற நகரங்களில் வாழ்வோருக்கும் இவற்றுட் பெரும்பகுதி பொருந்தும்.

புனேயை முன்னிட்டுக் கூறுவதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் தோல்பாவைக் கூத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர் மண்டிகர் என்னும் சமூகத்தார். அவர்கள் இராமாயணக் கதையை ஊர் ஊராகத் தமிழிலே நடத்துபவர்கள். ஆயினும் தம் வீட்டில் பேசுவது மராட்டியின் ஒரு கிளைமொழி. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நிலவிய காலத்தில் அவர்களுடைய முன்னோர் தெற்கே வந்தனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாட்சி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேங்கோஜியால் நிறுவப்பெற்று 1855இல் முடிவுற்றது. வேங்கோஜியின் தந்தையாகிய ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக விளங்கிய ஊரே புனே. மராட்டி பேசும் மக்கள் தமிழகத்துக்கு வந்து, தமிழ்க் கதையைப் பாவையின் வாயால் தமிழருக்கே கூறி வாழ்ந்தனர். தம் வீட்டு மொழியையும் விட்டுவிடவில்லை. இன்று தமிழ் பேசும் நாம் மராட்டியரிடையே வாழ்கிறோம். அவர்கள் செய்து காட்டிய காரியத்தை நம் வீட்டளவிலேனும் நாம் செய்து பார்க்கலாம் அன்றோ?

பாவையாட்டம் நமக்குப் புதியதன்று. நாணம் இல்லாதவர் உலகில் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்பெறும் மரப்பாவை உயிருள்ளதுபோல் தோன்றி மயக்குவதை ஒக்கும் என்று வள்ளுவர் 1020ஆம் குறளில் கூறுகிறார். உவமையாக எடுத்தாளும் அளவுக்கு இக்கலை அன்றே தமிழருக்குப் பழகியிருந்தது.

இனிப் பாவைகளின் வகைகளைக் காண்போம். ஆட்டும் முறையை ஒட்டி அவற்றை நான்காகப் பிரிப்பர். கையை உள்ளே நுழைத்து ஆட்டுவது கைப்பாவை. கேரளத்தின் பாவைக் கதகளி இவ்வகையைச் சேர்ந்தது. கோலால் தாங்கி ஆட்டுவது கோற்பாவை. மேலிருந்து நூலால் இயக்குவது நூற்பாவை. இராஜஸ்தானத்துக் கட்புத்லி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. விளக்கொளியில் திரைமீது நிழல் விழுமாறு ஆட்டுவது நிழற்பாவை. நம் தோல்பாவைக் கூத்து இதன்பாற்படும்.

கும்பகோணம், மயிலாடுதுறைப் பகுதிகளில் புகழ்பெற்ற பொம்மலாட்டம், நூலையும் கம்பியையும் ஒருங்கே கையாளும் முறை. பாவையின் உடலைத் தாங்கும் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆட்டுபவர் அவ்வளையத்தைத் தலையில் முடிபோல் அணிந்துகொண்டு, பாவையின் கைகளை இரும்புக் கம்பிகளால் இயக்குவார். அப்பாவைகளுள் சில 4½ அடி உயரமும் ஏறத்தாழ 10 கிலோ எடையும் உடையவை. கனம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தால் செய்தும் இவ்வளவு எடை! இதனைத் தலையிலும் கையிலும் தாங்கியவாறே தாளத்துக்கு ஏற்ப ஆடுவது பல்லாண்டுப் பயிற்சியின் பயன். தொடங்குவோர் கண்டு வியந்து போற்ற வேண்டிய கலை இது. முதல் நாளிலேயே கையாளத் தக்கதன்று.

அங்ஙனமாயின் முதற் பாவையாக எதனைக் கொள்வது? கைப்பாவையையே கொள்க என்பது நம் கருத்து. நூற்பாவையில் விரலுக்கும் பாவைக்கும் இடையே நூல் நிற்கிறது. நாம் அசைத்ததற்குப் பின்னரே பாவை அசைகிறது. நிழற்பாவையில் திரையும் விளக்கும் வேண்டும். கைப்பாவையிலோ நம் விரலின் அசைவே பாவையின் அசைவு. நினைத்த கணத்தில் அது தலை அசைக்கும், கை கூப்பும், கோபித்துத் திரும்பிக்கொள்ளும். நடிப்பு என்பது அசைவில் உள்ளது, முக அழகில் அன்று என்னும் முதற் பாடத்தை இதனைவிட எளிதாகக் கற்பிக்கும் பாவை வேறில்லை.

கைப்பாவையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒரு சிறு ஆரஞ்சுப் பழத்தின் அளவு உருண்டையாக்குக. சுட்டுவிரல் நடுக்கணு வரை நுழையுமாறு அட்டையைச் சுருட்டி, 2 அங்குல நீளக் குழல் ஒன்று செய்து, அதனைக் கழுத்தாக அவ்வுருண்டையிற் செருகுக. மைதா மாவைக் காய்ச்சிய பசையில் தாள் துண்டுகளைத் தோய்த்து, மேலே 5 அல்லது 6 அடுக்குகள் ஒட்டுக. ஓர் அடுக்கு உலர்ந்த பின்னரே மறு அடுக்கு ஒட்ட வேண்டும். மூக்கையும் புருவத்தையும் காகிதக் கூழால் எடுப்பாக அமைத்து, நன்கு உலர்ந்ததும் வெண்மை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுக. கண்கள் பெரியனவாக இருத்தல் நலம். அறையின் கடைசியில் அமர்ந்திருப்பவருக்கும் அவை தெரிய வேண்டும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலமாதலின், அக்காலத்தில் கூழ் எளிதில் உலராது, பூஞ்சணம் பிடிக்கும். மழை ஓய்ந்தபின் இவ்வேலையைத் தொடங்குவது நன்று.

உடலுக்கு ஒரு பழைய பருத்திப் புடைவையின் துண்டு போதும். பட்டும் நைலானும் கையில் வழுக்கும். துணியை இரண்டாக மடித்து, அதன்மேல் கட்டைவிரலும் நடுவிரலும் விரிந்திருக்குமாறு கையை வைத்து, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வரைந்து வெட்டித் தைக்க வேண்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை துணி தொங்கினால் ஆட்டுபவரின் கை வெளியே தெரியாது. சுட்டுவிரல் தலையைத் தாங்கும். கட்டைவிரல் ஒரு கையாகும். நடுவிரல் மற்றொரு கையாகும். இவ்வளவே பாவையின் உடற்கூறு.

வேண்டிய பொருள்களுக்கு நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. துளசிபாக் அங்காடியில் சரிகை, மணி, வளையல், சிறு அணிகலன்கள் யாவும் கிடைக்கும். குழந்தைகள் சமைத்து விளையாடும் 'பாதுகலி'ச் சொப்புகளுக்கும் பேர்பெற்றது அவ்விடம். பாவையின் கைக்கு ஏற்ற குடமும் கரண்டியும் அங்கே தேடலாம். கம்பி, ஆணி போன்றவற்றுக்குப் போஹரி ஆளி. கடைக்காரரிடம் பாவையை 'பாஹுலி' என்றும், கைப்பாவையை 'ஹாத்பாஹுலி' என்றும், நூற்பாவைகளைக் 'கள்சூத்ரி பாஹுல்யா' என்றும் கேட்டால் உடனே விளங்கிக்கொள்வர்.

செய்வதற்கு நேரமில்லை, வாங்கவே விரும்புகிறோம் என்பாரும் உண்டு. கைவினைப் பொருட்காட்சிகளில் இராஜஸ்தானத்துக் கட்புத்லிகளை எளிதில் காணலாம். மரத்தால் ஆகிய தலையும், துணியால் ஆகிய உடலும், காலை மறைக்கும் நீண்ட பாவாடையும் உடையவை அவை. அங்கே விற்கப்படுவனவற்றுள் பல, சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கு என்றே செய்யப்பட்டவை. ஆட்டுதற்கு உரியதா என்று அறிய மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, நூலைப் பிடித்துத் தூக்கினால் பாவை ஒரு பக்கமாகச் சாயாமல் நேரே தொங்க வேண்டும். இரண்டாவது, தலை நூலைச் சற்றே தளர்த்தினால் தலை தாழ்ந்து வணங்க வேண்டும். மூன்றாவது, கைகள் தோளில் தடையின்றி அசைய வேண்டும். இம்மூன்றும் கூடிய பாவை அழகிற் குறைந்திருந்தாலும் அதனையே வாங்குக. கட்புத்லியின் நூல்கள் பொதுவாக 2 முதல் 5 வரை; அவற்றைக் கட்டையில் பிணைக்காமல் விரல்களிலேயே மாட்டி ஆட்டுவது மரபு. கொலுப்படியில் வீற்றிருக்கும் மரப்பாச்சியைப் பாவையாக்கக் கருத வேண்டா. மூட்டுகள் இன்மையால் அஃது ஆடாது. பாட்டி கொடுத்த பொருள் பழுதுபடவும் கூடும்.

பாவை கைக்கு வந்த பின்னர்ப் பயிற்சி வேண்டும். நாள்தோறும் 10 நிமிடம் கண்ணாடியின் முன் நின்று பழகினால் போதும். மணிக்கட்டு பின்னோக்கிச் சாய்ந்தால் பாவை வானத்தைப் பார்க்கும்; ஆகவே மணிக்கட்டைச் சற்றே முன்னோக்கி வளைத்து, பாவையின் பார்வை காண்போரின் முகத்தில் விழுமாறு செய்க. பேசும் பாவை அசையட்டும். கேட்கும் பாவை அசையாதிருக்கட்டும். இரண்டும் ஒருங்கே அசைந்தால் பேசுவது எது என்று குழந்தைகளுக்கு விளங்காது. பாவை மேடைக்கு வரும்போது திடீரென்று எழாமல், படியேறி வருவதுபோல் சிறிது சிறிதாக உயர வேண்டும். தலைக்குமேல் தூக்கிய கை விரைவில் சோர்ந்து தாழும். பாவை நிலத்தில் புதைவதுபோல் தோன்றும். ஆதலால் முதல் ஆட்டம் 5 நிமிடத்துக்கு மேற்போகாமை நலம்.

அரங்கம் அமைப்பதும் எளிதே. வாசல் நிலையின் குறுக்கே, ஆட்டுபவரின் தலை மறையும் உயரத்துக்கு ஒரு போர்வையைக் கட்டினால் கைப்பாவைக்கு அரங்கம் ஆயத்தமாகிவிடும். நிழற்பாவையையும் பழக விரும்புவோர், தோலைத் தேடி அலையாமல் கெட்டி அட்டையில் உருவத்தை வெட்டி மூங்கிற் குச்சியில் பொருத்திக்கொள்ளலாம். வெள்ளை வேட்டியே திரையாகும். பின்னால் வைப்பது மின்விளக்காக இருக்கட்டும். துணித்திரைக்கு அருகே எண்ணெய் விளக்கு வைப்பது வீட்டுக்கு ஆகாது.

கதைக்கும் பஞ்சமில்லை. தெனாலிராமன் கதையும் மரியாதைராமன் கதையும் உள்ளன. எனினும் வீட்டில் நாள்தோறும் நிகழ்வனவே பிள்ளைகளுக்கு மிகுந்த நகைச்சுவை தரும். பொம்மலாட்டத்தில் முதலில் தோன்றிக் காண்போரை மகிழ்விக்கும் கோமாளி, ஊரிலிருந்து புனேக்கு இரயிலில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மராட்டியில் 'காகா' என்றால் சிற்றப்பா. 'தாயி' என்றால் அக்கா. அடுத்த வீட்டுப் பாவை வந்து, 'காகா வந்திருக்கிறார்' என்று கூறக் கோமாளி சோற்றுருண்டையுடன் கூரையைப் பார்த்தால், இருமொழியும் அறிந்த பிள்ளைகள் சிரித்துப் புரள்வர். கோமாளியைத் திருத்தும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுக. திருத்துவதற்காக அவர்கள் தமிழில் பேசியே தீர வேண்டும்! பெற்றோர் அப்போது பிள்ளைகளைத் திருத்த முற்படாதிருத்தல் வேண்டும். முற்பட்டால் பழைய கூச்சம் மீண்டும் வந்து சேரும்.

இக்கலையின் முதுவர்களைக் காண்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. புனேயிலிருந்து கொங்கணக் கரைக்குச் செல்வோர், சிந்துதுர்க் மாவட்டத்தில் குடாள் நகருக்கு அருகேயுள்ள பிங்குளி என்னும் சிற்றூரைக் காணலாம். அங்குள்ள டாக்கர் பழங்குடியினர், படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை பாடும் சித்திரகதி, கள்சூத்ரி நூற்பாவை, தோற்பாவை ஆகிய மூன்றையும் அறிந்தவர்கள். அவர்களுள் பரசுராம் கங்காவணே இக்கலைகளைப் பேணியமைக்காக 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு அவ்விருதைப் பெற்ற இராமச்சந்திரப் புலவர், கேரளத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தை ஒட்டித் தோல்பாவைக் கூத்து நிகழ்த்துபவர். மராட்டியப் பாவைக் கலைஞரும், கம்பன் கதையைக் காக்கும் கேரளக் கலைஞரும் ஒரே ஆண்டில் சிறப்புப் பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவது. குரலை மாற்றிப் பாவையைப் பேசவைக்கும் முறையைக் காண விரும்புவோருக்கு மும்பையின் இராம்தாஸ் பாத்யே இருக்கிறார். அவருடைய தந்தையார் படைத்த அர்த்வட்ராவ் என்னும் பாவையையும், 1993இல் வெளிவந்த 'ஜபாட்லேலா' படத்தின் தாத்யா விஞ்சூ என்னும் பாவையையும் அறியாத மராட்டியக் குடும்பம் அரிது. பள்ளி ஆசிரியர்களுக்கு, 1979இல் நிறுவப்பெற்று தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், கல்வியில் பாவையின் பயனைக் குறித்துப் பயிற்சி அளித்து வருகிறது.

இதனையும் மறத்தலாகாது. நமக்குப் பொழுதுபோக்காக அமைவது மண்டிகர் குடும்பங்களுக்கும் பிங்குளிக் குடும்பங்களுக்கும் வாழ்வு. திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்தபின் அவர்களை அழைப்போர் குறைந்தனர். தொழிலைக் கைவிட்டோர் பலர். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது எங்கேனும் பாவைக்கூத்து நடக்கக் கண்டால், பிள்ளைகளுடன் அமர்ந்து முழுவதும் காண்க. தோற்பாவை ஒன்று வாங்க நேர்ந்தால் இயன்றவரை கலைஞரிடமே வாங்குக. நூல் இழுத்துப் பழகிய கண்ணுக்குத்தான் அவர்களுடைய விரலின் அருமை தெரியும். கலைக்கு நல்ல சுவைஞர்களை உண்டாக்குவதே பொழுதுபோக்காகப் பயில்வோர் அதற்குச் செய்யத்தக்க பெருந்தொண்டு.

புனேயில் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் தமிழ் வீடுகள் பல. அண்டை வீட்டு மராட்டியப் பிள்ளைகளும் சுண்டலுக்கு வருவர். அடுத்த நவராத்திரியில் கொலுவின் அருகே ஒரு போர்வையைக் கட்டி, காகிதத் தலையும் பழம்புடைவை உடலும் கொண்ட கோமாளி ஒருவனை 5 நிமிடம் தமிழ் பேச விடுங்கள். அதற்கு வேண்டிய செய்தித்தாளும் துணியும் இன்றே வீட்டில் உள்ளன.