சேறு எழுதிய காந்தக் குறிப்பு

கோல சிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டினால் சாம்பல் நிறக் களிமண் வெளிப்படும். அது கடல் விட்டுச் சென்ற மண். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று செம்பனை நிற்கும் கரையோரச் சமவெளியின் பெரும்பகுதி அன்று கடலாகவும் சதுப்புநிலக் காடாகவும் இருந்தது.

கடலடிச் சேற்றுக்கு ஒரு வியப்பான குணம் உண்டு. பூமியின் காந்தப்புலம் அன்றன்று எத்திசையில் இருந்தது என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். எப்படி? ஆறுகள் கொண்டுவரும் மண்ணில் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத்தின் நுண்துகள்கள் கலந்திருக்கின்றன. நீரில் மெல்ல அமிழும்போது அவை திசைகாட்டி முள்ளைப் போலக் காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்புகின்றன. மேலே மேலே சேறு படிந்து அழுத்தியதும், துகள்கள் நின்ற நிலையிலேயே இறுகிவிடுகின்றன. புலம் வலுவாக இருந்த காலத்தில் அதிகத் துகள்கள் ஒரே திசையில் நிற்கும்; தளர்ந்த காலத்தில் சிதறி நிற்கும். ஆகவே திசையோடு வலிமையையும் ஓரளவு கணக்கிடலாம்.

அப்படியானால் நம் தோட்டத்துக் களிமண்ணே போதுமே என்று கேட்கலாம். போதாது. அதன் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. மேலும், சதுப்பு மண்ணில் மக்கிய இலைதழை அதிகம், உயிர்வளி குறைவு. அங்கு உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் மேக்னடைட்டை அரித்துப் பைரைட்டாக மாற்றிவிடுகின்றன. காந்தக் குறிப்பும் அதோடு அழிகிறது. வாய்க்காலில் நீர் வடிந்து, அந்தப் பைரைட்டில் காற்றுப் படும்போது கந்தக அமிலம் பிறக்கிறது. கரையோரத் தோட்டங்களில் நீர்மட்டத்தை வற்றவிடாமல் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுங்காலக் குறிப்பைத் தேடி ஆழ்கடலுக்குத்தான் போகவேண்டும். 1988இல் 'ஜாய்டிஸ் ரெசலூஷன்' என்ற ஆய்வுக்கப்பல், இந்தியப் பெருங்கடலின் 'தொண்ணூறு கிழக்கு' மலைத்தொடரில், ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில் துளையிட்டது. 758 என்ற எண் கொண்ட இடம் அது. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு செண்டிமீட்டர் சேறுதான் படியும். மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலுள்ள தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய சாம்பலும் அச்சேற்றில் ஓர் அடுக்காக உள்ளது. அத்தகைய சாம்பல் அடுக்குகள் சேற்றின் வயதைக் கணிக்க உதவுகின்றன.

சேற்று மாதிரிகளில் பிற்காலத்தில் ஏறிய காந்தத்தன்மையை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சியதை அளக்கிறார்கள். நிலநடுக்கோட்டின் அருகே காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும். எனவே துருவங்கள் இடம் மாறியதைச் சாய்வைக் கொண்டு அறிவது கடினம். திசை அரைவட்டம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கடைசியாகத் துருவங்கள் இடம் மாறியது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்பதை உலகின் பல கடல்களில் எடுத்த சேறு காட்டுகிறது. மனிதனின் அளவீடோ மிகவும் இளையது. நமக்கு அருகே, சென்னைப் படைப் பொறியாளர் எலியட் சிங்கப்பூரில் காந்த ஆய்வுக்கூடத்தை நடத்தத் தொடங்கியதே 1841இல்தான். ஏறத்தாழ அக்காலம் முதல் இன்றுவரை பூமியின் காந்தப்புலம் சுமார் 9 விழுக்காடு தளர்ந்துள்ளது. விண்வெளிக் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம் அது. துருவங்கள் மீண்டும் புரளப்போகின்றனவா என்ற அச்சம் எழுவது இயல்பே.

இருநூறு ஆண்டுகூட நிறையாத அளவீட்டை மட்டும் வைத்து இதற்கு விடை கூற இயலாது. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் புலம் பலமுறை தளர்ந்து, துருவம் புரளாமலே மீண்டும் வலுப்பெற்றிருக்கிறது என்று சொல்வது கடலடிச் சேறுதான்.