மனோகர்பூர்: மன்னிப்பும் நீதியும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: ஒடிஸா மாநிலம் கியோஞ்சர் சிறையிலிருந்து மகேந்திர ஹேம்பிரம் என்ற ஆயுள் கைதி 2025 ஏப்ரலில் விடுதலை செய்யப்பட்டார். சுமார் 25 ஆண்டுகள் சிறையில் இருந்த அவருக்கு நன்னடத்தையின் பேரில் இந்தச் சலுகை கிடைத்தது. அதே வழக்கின் முதன்மைக் குற்றவாளியான தாரா சிங், தம்மையும் முன்கூட்டியே விடுவிக்கக் கோரி 2024-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவரது கோரிக்கை குறித்து முடிவெடுக்குமாறு 2025 மார்ச்சில் ஒடிஸா அரசுக்கு நீதிமன்றம் கால அவகாசம் அளித்தது.

ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டுவர்ட் ஸ்டெயின்ஸும் அவருடைய 2 மகன்களும் வாகனத்துக்குள் வைத்து உயிரோடு எரிக்கப்பட்ட வழக்கு அது. கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் அப்போதே அறிவித்தார். பாதிக்கப்பட்டவரே மன்னித்த பிறகு அரசு மட்டும் ஏன் தண்டனையை வலியுறுத்த வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடை அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலும், அதன் துயரத்தை இந்திய அரசியலும் நீதிமன்றங்களும் கையாண்ட விதத்திலும் இருக்கிறது.

பாரிபதாவில் ஒரு குடும்பம்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1941-ல் பிறந்தவர் ஸ்டெயின்ஸ். ஒரிசாவின் பாரிபதா நகரைச் சேர்ந்த ஒருவரோடு இளமையில் ஏற்பட்ட பேனா நட்பே அவரது கவனத்தை இந்தியாவின் பக்கம் திருப்பியது. 1965-ல் இங்கு வந்த அவர், மயூர்பஞ்ச் சுவிசேஷ மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். இதே குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் 1890களில் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் தொடங்கிய சங்கம் அது. சமஸ்தான மன்னரின் ஆதரவோடு உருவான தொழுநோய் இல்லம் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஒரியா மொழியைத் தங்குதடையின்றிப் பேசக் கற்ற ஸ்டெயின்ஸ், பழங்குடியினரின் மொழிகளையும் பயின்றார். ஹோ மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிடும் பணியில் அவருக்குப் பங்கு உண்டு. 1983-ல் தொழுநோய் இல்லத்தின் நிர்வாகத்தை ஏற்றார். சிகிச்சை முடிந்தவர்களையும் அவர்களது சொந்த ஊர்கள் ஏற்க மறுத்த காலம் அது. எனவே மருந்தோடு பிழைப்புக்கு ஒரு தொழிலும் தேவைப்பட்டது. அப்பகுதியில் விளையும் சபாய் புல்லைக் கொண்டு கயிறு திரிக்கவும் பாய் முடையவும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

கிளாடிஸும் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தவர். பயிற்சி பெற்ற செவிலியர். 1981-ல் சமயப் பணிக்காக இந்தியா வந்தபோது பாரிபதாவில் ஸ்டெயின்ஸைச் சந்தித்தார். 1983-ல் திருமணம் நடந்தது. எஸ்தர், பிலிப், திமோத்தி என 3 குழந்தைகள். அவர்கள் படித்தது தமிழகத்தின் உதகமண்டலத்தில். விடுமுறை கிடைக்கும்போது நீலகிரியிலிருந்து மயூர்பஞ்சுக்கு வருவது அவர்களது வழக்கம். 1999 ஜனவரியிலும் அப்படித்தான் வந்தனர்.

ஜனவரி 22 இரவு: கியோஞ்சர் மாவட்டத்தின் மனோகர்பூர், பழங்குடியினர் வாழும் சிறிய கிராமம். அங்கிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக ஆண்டுதோறும் சில நாள் முகாம் நடப்பது உண்டு. ஜெபம், வேதபாடம், ஊர்ப் பிரச்னைகள் குறித்த பேச்சு ஆகியவை அதில் இடம்பெறும். 58 வயதான ஸ்டெயின்ஸ் அந்த முறை மகன்களையும் உடன் அழைத்துச் சென்றார். பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு 6. கிளாடிஸும் 13 வயது எஸ்தரும் பாரிபதாவில் தங்கிவிட்டனர்.

குளிர் கடுமையாக இருந்ததால் தந்தையும் மகன்களும் தேவாலயத்தின் முன் நிறுத்தியிருந்த வாகனத்துக்குள்ளேயே உறங்கினர். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் தடிகளோடும் கோடரிகளோடும் ஒரு கும்பல் வந்தது. வாகனத்தின் கண்ணாடிகளை நொறுக்கி, வைக்கோலை இட்டுத் தீ வைத்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியேற முடியாதபடி தடுத்தது. உதவிக்கு வர முயன்ற கிராமத்தினர் மிரட்டி விரட்டப்பட்டனர். வாகனத்தோடு மூவரும் கருகினர்.

கிளாடிஸின் முடிவு: அடுத்த சில நாள்களில் கிளாடிஸ் கூறியதைக் கேட்டு நாடே வியந்தது. கொலையாளிகள் மீது தமக்கு வெறுப்பில்லை என்றும், அவர்களை மன்னிப்பதாகவும் அவர் சொன்னார். இறுதிச் சடங்கில் தாயும் மகளும் உயிர்த்தெழுதல் குறித்த பாடல் ஒன்றைப் பாடினர். கடவுளுக்காக உயிர்விடும் தகுதி தம் தந்தைக்குக் கிடைத்ததற்காக அவரைத் துதிப்பதாக எஸ்தர் கூறினார். 13 வயதுச் சிறுமியின் வாயிலிருந்து வந்த அச்சொற்கள் சிலருக்கு ஆறுதலாகவும் பலருக்குத் திகைப்பாகவும் இருந்தன.

கிளாடிஸ் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. கணவர் விட்டுச்சென்ற தொழுநோய் இல்லத்தின் பொறுப்பை ஏற்று, பாரிபதாவிலேயே மேலும் 5 ஆண்டுகள் இருந்தார். விசாரணைகளில் சாட்சியம் அளித்தார். ஸ்டெயின்ஸ் நினைவு மருத்துவமனை 2004-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா திரும்பினார். 2005-ல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவரது மன்னிப்பைப் பாராட்டியவர்களுள் பலர் அதன் மறுபாதியைக் கவனிக்கத் தவறினர். மன்னிப்பு வேறு, குற்றத்துக்குரிய விளைவு வேறு. சட்டம் தன் வழியில் செல்ல வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. தண்டனையைக் கூட்டுமாறு அவர் கேட்கவில்லை, குறைக்குமாறும் கேட்கவில்லை. தம் உள்ளத்தில் வெறுப்பு குடியேறக் கூடாது என்பது அவர் தமக்காக எடுத்த முடிவு. நீதி வழங்கும் கடமையிலிருந்து அரசை அவர் விடுவிக்கவில்லை.

தில்லியின் எதிர்வினை: கொலை நடந்தபோது மத்தியில் அடல் பிகாரி வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசும், ஒரிசாவில் காங்கிரஸ் அரசும் இருந்தன. 1998 டிசம்பரில் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் கிறிஸ்தவ வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்டிருந்தன. 1999 ஜனவரியில் அங்கு சென்ற வாஜ்பாய், மதமாற்றம் குறித்துத் தேசிய விவாதம் தேவை என்று கூறியிருந்தார். அதன் பிறகு இரண்டே வாரங்களில் மனோகர்பூர் எரிந்தது.

குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், உலகின் கொடுஞ்செயல்களின் பட்டியலில் சேரத்தக்கது இக்கொலை என்று மிகக் கடுமையாகக் கண்டித்தார். ஜார்ஜ் பெர்னாண்டஸ், முரளி மனோகர் ஜோஷி, நவீன் பட்நாயக் ஆகிய 3 மத்திய அமைச்சர்கள் மனோகர்பூருக்கு அனுப்பப்பட்டனர். உச்ச நீதிமன்ற நீதிபதி டி.பி. வாத்வா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பஜ்ரங் தளத்துக்கு இதில் தொடர்பு உண்டு என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. உள்துறை அமைச்சர் எல்.கே. அத்வானி அதை ஏற்கவில்லை.

1999 ஜூனில் அறிக்கை அளித்த வாத்வா ஆணையம், தாரா சிங்கின் செயலுக்குப் பின்னால் எந்த அமைப்பும் இருந்ததற்கு ஆதாரமில்லை என்றது. இந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஸ்டெயின்ஸ் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றியதோடு சமயப் பரப்புரையிலும் ஈடுபட்டார் என்று ஆணையம் கூறியது. ஆனால் கட்டாய மதமாற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்பதையும், அப்பகுதியில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை அசாதாரணமாக உயரவில்லை என்பதையும் அது பதிவு செய்தது.

நாடாளுமன்ற அரசியல் விரைவில் வேறு திசையில் சென்றது. சட்டம்-ஒழுங்கு சீர்கேடு குறித்த கடும் விமர்சனங்களுக்கு இடையே 1999 பிப்ரவரியில் ஒரிசா முதல்வர் ஜே.பி. பட்நாயக் பதவி விலகினார். கிரிதர் கமாங் முதல்வரானார். அவர் தம் மக்களவை உறுப்பினர் பதவியைத் துறக்கவில்லை. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஏப்ரல் 17-ல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் கமாங்கும் வாக்களித்தார்; 269-க்கு 270 என ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு வீழ்ந்தது. கமாங்கின் அந்த வாக்கு இன்றும் தில்லியில் பேசப்படுகிறது. அவர் முதல்வரானதன் பின்னணியில் மனோகர்பூரின் சாம்பலும் இருந்தது என்பதை எவரும் நினைவுகூர்வதில்லை.

தாமதத்தின் விலை: முதன்மைக் குற்றவாளி என அடையாளம் காணப்பட்ட தாரா சிங் ஓராண்டு காலம் பிடிபடவில்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர், ஒரிசாவின் வனப்பகுதிகளில் தலைமறைவாகத் திரிந்தார். 1999 ஆகஸ்டில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் ஷேக் ரஹ்மான் என்ற முஸ்லிம் வியாபாரி கொல்லப்பட்டார். செப்டம்பரில் அதே மாவட்டத்தில் அருள்தாஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கொல்லப்பட்டார். இக்கொலைகளிலும் தாரா சிங் தண்டிக்கப்பட்டார். 2000 ஜனவரி 31-ல்தான் அவரைப் போலீஸார் கைது செய்தனர். அரசு இயந்திரம் முன்னரே விழித்திருந்தால் இந்த இரு உயிர்களாவது எஞ்சியிருக்கும்.

நீதிமன்றங்களில் 12 ஆண்டுகள்: சி.பி.ஐ. விசாரித்த ஸ்டெயின்ஸ் வழக்கில் புவனேசுவரத்தில் நடந்த அமர்வு நீதிமன்றம் 2003 செப்டம்பரில் 13 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. தாரா சிங்குக்கு மரண தண்டனையும் மற்ற 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 2005 மே மாதம் ஒரிசா உயர் நீதிமன்றம் தாரா சிங்கின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஹேம்பிரத்தின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, மற்ற 11 பேரை விடுவித்தது. சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

2011 ஜனவரி 21-ல் நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தனர். சதாசிவம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானார். ஏழைப் பழங்குடியினரை மதம் மாற்றும் செயல்கள் தொடர்பாக ஸ்டெயின்ஸுக்குப் பாடம் புகட்டுவதே கொலையாளிகளின் நோக்கமாக இருந்தது என்று தீர்ப்பில் ஒரு பத்தி இடம்பெற்றது. ஒரு மதம் மற்றொன்றைவிட உயர்ந்தது என்ற தவறான எண்ணத்தின் பேரில் பிறர் நம்பிக்கையில் தலையிடக் கூடாது என்றும் கூறப்பட்டிருந்தது. உயிரோடு எரிக்கப்பட்டவரின் சமயப் பணியே தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது போன்ற தோற்றத்தை இது ஏற்படுத்தியது.

பத்திரிகை ஆசிரியர்களும் சமூக ஆர்வலர்களும் கண்டனம் தெரிவித்தனர். 4 நாள்களில், ஜனவரி 25-ல், உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து அந்த வரிகளை நீக்கியது. சம்பவம் நடந்து 12 ஆண்டுகள் கடந்துவிட்டதால் தண்டனையைக் கூட்டத் தேவையில்லை என்ற வாசகமும், எவருடைய சமய நம்பிக்கையிலும் எந்த வழியிலும் தலையிடுவதற்கு நியாயமில்லை என்ற பொதுவான வாசகமும் அவற்றின் இடத்தில் சேர்க்கப்பட்டன. தன் தீர்ப்பின் வாசகத்தை இவ்வளவு விரைவில் உச்ச நீதிமன்றம் திருத்துவது அரிது.

சட்டம் இருந்தது: மதமாற்றம் குறித்துப் பழங்குடிச் சமூகங்களுக்குள் மனக்கசப்பு இருந்ததை மறுப்பதற்கில்லை. தம் திருவிழாக்களும் வழக்கங்களும் மறைந்துபோகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆனால் அந்த மனக்கசப்பை வெளிப்படுத்தச் சட்டம் வழி வைத்திருந்தது. வற்புறுத்தல், ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றுவதைத் தடை செய்யும் சட்டத்தை 1967-லேயே ஒரிசா இயற்றியது. மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் கூறி, அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஸ்டெயின்ஸ் தவறிழைத்தார் என்று எவரேனும் கருதியிருந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்திருக்கலாம். அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதவர்கள், உறங்கிக்கொண்டிருந்த 2 சிறுவர்களையும் சேர்த்து எரித்தனர். எந்த மதமாற்ற விவாதமும் அதற்கு விளக்கமாகிவிட முடியாது.

இன்றைய கேள்வி: ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்க விதிகள் உண்டு. அவை எல்லாக் கைதிகளுக்கும் பொதுவானவை. குற்றத்தின் தன்மை, சிறையில் நடத்தை, மனமாற்றம், விடுதலையால் சமூகத்துக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து முடிவெடுப்பது மாநில அரசின் பொறுப்பு. ஹேம்பிரத்துக்குப் பொருந்திய அளவுகோல், வேறு கொலை வழக்குகளிலும் தண்டனை பெற்ற தாரா சிங்குக்குப் பொருந்துமா என்பதையும் அந்த விதிகளின்படியே தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தராசில் கிளாடிஸின் மன்னிப்பை எடைக்கல்லாக வைப்பது முறையாகாது. அவருடைய மன்னிப்பு கணவரையும் 2 மகன்களையும் இழந்த ஒருவர் தம் நம்பிக்கையின் பேரில் அளித்தது. ரஹ்மான், அருள்தாஸ் ஆகியோரின் குடும்பங்கள் சார்பாக அவர் அதை அளிக்கவில்லை. இந்தியக் குடியரசின் சார்பாகவும் அளிக்கவில்லை. கொலை என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான வழக்கு என்பதே நமது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறித் தம் கடமையைச் செய்து முடித்தவர் கிளாடிஸ். ஒடிஸா அரசு எந்த முடிவை எடுத்தாலும், அதற்கான காரணங்களைத் தன் பெயரிலேயே எழுத வேண்டும்.