பிறந்த குழந்தைக்கு வேண்டிய துணிகள்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும் முதன்முதலாகத் தேடப்படும் பொருள் துணியே. பாலுக்குத் தாய் இருக்கிறாள். உறங்க அவள் மடி இருக்கிறது. துணி ஒன்றுதான் வெளியிலிருந்து வரவேண்டியது. அதற்குரிய பஞ்சை விளைவிப்பவரும் நெய்பவருமாகிய நம் அங்கத்தினர்கள், அத்துணி எத்தன்மையதாக இருத்தல் வேண்டும், எவ்வளவு வேண்டும், எவை வேண்டா என்பவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

வளைகாப்பு முடிந்து பிரசவ காலம் நெருங்குகையில், உற்றார் உறவினர் அன்பின் மிகுதியால் பல பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். பூப்போட்ட தலையணை, மயிரடர்ந்த செயற்கை நூற் போர்வை, மெத்தென்று அமுங்கும் படுக்கை ஆகியவை கண்ணுக்கு அழகாயிருக்கின்றன. ஆயினும் அவற்றுள் பல குழந்தைக்குப் பயனற்றவை; சில ஆபத்தானவை. போர்வை நெய்து விற்கும் நாமே இதனைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்: உறங்கும் பச்சிளங்குழந்தையின்மேல் கனத்த போர்வை வேண்டா. இதன் காரணங்களையும், போர்வைக்குப் பதிலாக வேண்டியவற்றையும் கீழே விளக்குகின்றோம்.

முதல் ஒரு மணி நேரம்

தாயின் வயிற்றினுள் வெதுவெதுப்பாக வளர்ந்த சிசு, நனைந்த மேனியுடன் வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் உடன் கொண்டுசெல்கிறது. எடையோடு ஒப்பிட்டால் சிசுவின் தோற்பரப்பு மிகுதி. பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. அக்குளில் வைத்துப் பார்க்கும்போது சிசுவின் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே இறங்குவது, சிறப்பாக எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு, உயிருக்கே கேடு தரும்.

ஆதலால் பிரசவத்திற்குச் செல்லும்போது, துவைத்து வெயிலில் நன்கு உலர்த்திய மெல்லிய பருத்தித் துணிகள் நான்கேனும் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்றால் குழந்தையைத் துடைத்தவுடன் அந்த ஈரத்துணியை அப்புறப்படுத்திவிட வேண்டும். அதனாலேயே சுற்றி வைப்பது தவறு. பின்னர்க் குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்து உலர்ந்த மற்றொரு துணியால் மூடுதல் வேண்டும். தலைக்கு ஒரு பருத்திக் குல்லாய் அப்போது பயன்படும். முதற் குளிப்பாட்டலை 24 மணி நேரமாவது தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தாயின் மேனிச் சூட்டிற்கு இணையான போர்வையை எத்தறியிலும் நெய்ய இயலாது. 1978-ஆம் ஆண்டில், கொலம்பியா நாட்டுத் தலைநகராகிய பொகோட்டாவில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு துணியால் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்தமையால் அதற்குக் கங்காரு முறை என்று பெயர் வந்தது. குறைமாதத்தில் பிறந்தவையும், 2,500 கிராமுக்குக் குறைவானவையுமான குழந்தைகளுக்கு இம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கலாமென்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதற்கு வேண்டிய துணி, தாயையும் சேயையும் சேர்த்துக் கட்டக்கூடிய, மெல்லிய, நீண்ட ஒரு பருத்தித் துணியே.

பழந்துணியின் சிறப்பு

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி அணிவிக்கலாகாது என்பது நம் வீடுகளில் வழங்கும் வழக்கம். பாட்டியின் பழைய நூற்சேலையையும் தாத்தாவின் பழைய வேட்டியையும் கிழித்தே முதற் சில நாள்களுக்குப் பயன்படுத்துவர். இதனை வெறும் சிக்கனம் என்று எண்ணுதல் தவறு. பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெழுகுப் பசை படிந்திருக்கிறது. பாவுக்கு ஏற்றிய கஞ்சியும் புதுத்துணியில் தங்கியிருக்கும். இவையிரண்டும் உள்ளவரை துணி விறைப்பாயிருக்கும். நீரை எளிதில் உறிஞ்சாது. பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் மெழுகும் நீங்கி, இழை மெதுவாகி, ஈரத்தை உடனே ஏற்கிறது. சாயம் ஒட்டுவதாயிருந்தால் அதுவும் அதற்குள் கழிந்துவிடும்.

இதனை எவரும் சோதித்தறியலாம். புதிய துணியின்மீதும் பழைய துணியின்மீதும் ஒவ்வொரு துளி நீரை விடுக. புதியதன்மேல் துளி முத்துப்போல் நிற்கும். பழையதில் உடனே பரவி மறையும். புதுத்துணியை வாங்குபவர், இரண்டு முறையாவது வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து, நீர்த்துளி நில்லாத நிலை வந்த பின்னரே குழந்தைக்கு உபயோகித்தல் வேண்டும்.

பருத்திக்கும் செயற்கை நூலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே கூறுவோம். 100 கிராம் உலர்ந்த பஞ்சு, சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்திலேயே 7 அல்லது 8 கிராமை உட்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அரைக் கிராமைக்கூட ஏற்பதில்லை. நம் நாட்டுப் புழுக்கத்தில் செயற்கைப் போர்வைக்குள் கிடக்கும் குழந்தையின் வியர்வை எங்கும் போக வழியின்றித் தோலிலேயே தங்கி, வேர்க்குருவாக வெளிப்படுகிறது.

அரைத்துணிக் கணக்கு

முதல் வாரம் கழிந்தபின், போதிய தாய்ப்பால் பெறும் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். மலங்கழித்தலையும் சேர்த்தால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு அரைத்துணிகள் மாற்ற நேரும். ஒரு நாள் துவைத்தது மறுநாள் உலரும் என்று கொண்டால் 24 துணிகள் போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் 36 வைத்திருப்பது உசிதம். ஓர் எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளமும் 1.27 மீட்டர் அகலமும் உடையது. அதிலிருந்து 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள துணிகள் பன்னிரண்டு கிடைக்கும். ஆகவே இரண்டு பழைய வேட்டிகள் இருந்தால் வெயிற்காலக் குழந்தைக்குக் கடைக்கே செல்லவேண்டியதில்லை. தொப்புள் காய்ந்து விழும்வரை துணியின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுதல் வேண்டும்.

போர்வையைப் பற்றி

இனிப் போர்வைக்கு வருவோம். உறக்கத்திலேயே, வெளிப்படையான காரணமேதுமின்றிப் பச்சிளங்குழந்தைகள் இறந்துபோவதைப் பற்றி மேல்நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். குப்புறக் கிடத்துதல், மெத்தென்ற படுக்கை, முகத்தை மூடும் போர்வை, மிகையான வெப்பம், அருகில் புகைபிடித்தல் ஆகியவை இவ்வாபத்தைப் பெருக்குகின்றன என்று கண்டனர். குழந்தையை மல்லாக்கக் கிடத்துமாறு இங்கிலாந்தில் 1991-இலும், அமெரிக்காவில் 1994-இலும் பெரும் பிரசாரம் தொடங்கியது. அமெரிக்காவில் 1992-இல் லட்சம் பிறப்புகளுக்கு 120 ஆக இருந்த இத்தகைய மரணம், 2001-இல் 56 ஆகக் குறைந்தது. மருந்து ஒன்றும் கொடாமல், கிடத்தும் முறையை மாற்றியதால் பெரும்பாலும் விளைந்த நன்மை இது.

சில மாதக் குழந்தைக்கு, முகத்தின்மேல் விழுந்த துணியைத் தள்ளிவிடும் வலிமை இல்லை. கனத்த போர்வையோ, தலையணையோ மூக்கை அடைத்தால் அதனால் தலையைத் திருப்பிக்கொள்ள இயலாமற் போகலாம். ஆதலால் முதல் ஆண்டில் குழந்தை உறங்குமிடத்தில் தலையணையும் தளர்ந்த போர்வையும் இருத்தலாகாது. குளிருக்குத் துணியைப் போர்த்துவதைக் காட்டிலும் அணிவிப்பதே மேல். கை நீண்ட சட்டை, கால்வரை மூடும் உடை ஆகியவை நழுவி முகத்தின்மேல் ஏறுவதில்லை. அவ்வறையில் நமக்குச் சுகமாயிருக்கும் உடைக்குமேல் ஓர் அடுக்கு மட்டும் கூடுதலாகக் குழந்தைக்கு அணிவித்தால் போதும். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர்க்கும் இதே விதிதான், அங்கே அடுக்கு மிகும், விதி மாறாது.

கையும் காலும் சில்லென்றிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா, அது இயல்பு. பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் துணி மிகுதி. மார்பு குளிர்ந்திருந்தால் துணி போதாது. பிறந்த சில மணி நேரத்திற்குப்பின், வீட்டினுள் உறங்கும் குழந்தைக்குக் குல்லாயும் தேவையில்லை.

போர்வை இல்லாமல் மனம் ஒப்பாதவர், மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றையே கொள்க. குழந்தையின் பாதங்கள் படுக்கையின் கால்புற விளிம்பைத் தொடுமாறு கிடத்தி, போர்வையை மார்பளவில் நிறுத்தி, ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் இறுகச் செருகிவிட வேண்டும். துணியால் சுற்றிவைக்கும் வழக்கமுடையோர், இடுப்புக்குக் கீழே தளர்த்தி, கால்கள் மடங்கவும் விரியவும் இடம்விட வேண்டும். கால்களை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். குழந்தை புரளத் தலைப்பட்டதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். மணிகள் நிரப்பிக் கனமேற்றிய போர்வைகளும் சில கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றைக் குழந்தைக்கு வாங்கவே கூடாது.

தூளியும் பாயும்

நம் மக்கள் தொன்றுதொட்டுத் தூளி கட்டிக் குழந்தையை உறங்க வைக்கின்றனர். பகலில், ஒருவர் அருகிலிருந்து ஆட்டும்பொழுது அது பயன்தரும். ஆனால் தூளியில் முதுகு வளைந்து, மோவாய் மார்பில் படியும்போது மூச்சுக்கு இடைஞ்சல் நேரலாம். ஆதலால் குழந்தை உறங்கியதும் எடுத்து, தாய்க்கு அருகே தனி விரிப்பில் கிடத்துவதே தக்கது. பாயின்மேல் மடித்து விரித்த ஒரு சமுக்காளமும், அதன்மேல் சுருக்கமின்றி இழுத்துச் செருகிய ஒரு துப்பட்டியும் போதும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருத்தலே முக்கியம். மது அருந்தியவரோ புகைபிடிப்பவரோ அருகில் படுத்தலாகாது. வெறுந்தூளியில் சிறுவர் விளையாடுகையில் சேலை கழுத்தை இறுக்கி உயிர்போன செய்திகள் நம் நாளிதழ்களில் பன்முறை வந்துள்ளன. வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்துவிடுதல் அல்லது எட்டாத உயரத்தில் முடிந்துவைத்தல் கட்டாயம். கொசுவலை மட்டும் ஆடம்பரமன்று; நம் ஊர்களில் அது முதற்பொருள்.

சாயமும் பூச்சி உருண்டையும்

குழந்தை எத்துணியையும் வாயில் வைக்கும். புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்களை வெளிவிடும் சில அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடைசெய்தது. இந்திய அரசும் 1990-களில் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தகைய சாயங்களைத் தடைசெய்தது. நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குக. முதல் மாதங்களுக்கு வெள்ளையே சிறந்தது. வெள்ளையில் அழுக்கும் உடனே தெரியும்.

பெட்டியிலிருந்து எடுத்த துணியில் பூச்சி உருண்டை வாசனை வீசினால் அப்படியே போர்த்தலாகாது. நாஃப்தலீன் என்னும் அப்பொருள், பிறவியிலேயே ஒருவகை நொதிக்குறையுள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டென்று பார்வையால் அறிய முடியாது. எனவே குழந்தைத் துணியுள்ள பெட்டியில் அவ்வுருண்டையை இடாதிருப்பதே வழி. காய்ந்த வேப்பிலை போதும்.

தறியும் வயலும் செய்யக்கூடியவை

கனத்த போர்வை வேண்டா என்றால் நம் தறிகளுக்கு வேலை குறையுமே என்று சிலர் கேட்கலாம். குறையாது, வேலை மாறும். சென்னிமலைத் தறிகளும் பவானித் தறிகளும் பெரியவர்களுக்கான போர்வையிலும் ஜமக்காளத்திலும் பெயர்பெற்றவை. குழந்தைக்குத் தேவையானவையோ மெல்லிய சுற்றுத்துணி, அரைத்துணி, துவட்டும் துண்டு, விரிப்பு ஆகியன. சுற்றுத்துணிக்கு 60 முதல் 80-ஆம் நம்பர் நூலில், நெருக்கம் தளர்ந்த சாதா நெசவு ஏற்றது. நூலின் நம்பர் ஏறஏற அது மெலியும் என்பதை நெசவாளர் அறிவர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை உண்டோ அதுவே நம்பர். அத்தகைய நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். கோவையில் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி அவ்வகையைச் சேர்ந்தது. தெற்கே கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணியின் இழை குட்டையானது. தடித்த நூலே அதில் வரும். அரைத்துணிக்கும் துண்டுக்கும் அந்நூல் நன்கு உதவும்.

நெய்பவர் கவனிக்க வேண்டிய குறிப்புகள் சில உள. குஞ்சம் விடாமல் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். பிரிந்த இழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே கேடு நேரும். கையுறை, காலுறைகளின் உட்புறத்தையும் இதற்காகவே திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றி நாடா, கயிறு, தளர்ந்த பொத்தான் கூடா. கஞ்சியை முற்றிலும் நீக்கிச் சலவை செய்தே விற்பனைக்கு அனுப்புதல் நன்று.

தொகுத்துக் கூறின், ஒரு குழந்தையின் முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டியவை: அரைத்துணி 24 முதல் 36; மெல்லிய சுற்றுத்துணி 6; சட்டை 6; சிறு துண்டு 4; விரிப்பு 4; ரப்பர் விரிப்பு 1; கொசுவலை 1. தலையணைக்கும் கனத்த போர்வைக்கும் இப்பட்டியலில் இடமில்லை. சீர் செய்ய விரும்பும் உற்றார், போர்வைக்கு ஒதுக்கிய பணத்தில் ஆறு சுற்றுத்துணிகளையும் ஒரு கொசுவலையையும் வாங்கி, துவைத்து உலர்த்திக் கொடுப்பாராயின், தாய்க்குத் துவைக்கும் வேலை குறையும். குழந்தையும் அச்சமின்றி உறங்கும். போர்வை நெய்யும் அங்கத்தினர் தம் வீட்டிலிருந்தே இதனைத் தொடங்குவாராக.