குழந்தையின் நிறமும் பெரியவர்களின் பேச்சும்

தொட்டிலுக்கு முன்பே

குழந்தையின் நிறத்தைப் பற்றிய கவலை தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுக்கிறார்கள். பிறந்த பிறகு கடலைமாவு, பயத்தமாவு, பாலாடை என்று தேய்ப்பு தொடர்கிறது. இவற்றில் எதுவும் நிறத்தை மாற்றுவதில்லை.

நிறம் அமையும் விதம்

மெலனின் என்னும் நிறமியைச் சுரக்கும் செல்கள் கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வகை மெலனினை எவ்வளவு உண்டாக்கும் என்பதைப் பெற்றோர் வழி வரும் மரபணுக்களே முடிவு செய்கின்றன. பிறந்தபோது வெளிறித் தெரிந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ தன் இயல்பு நிறத்துக்கு வரும். ‘கறுத்துப்போச்சே’ என்று தாயின் சாப்பாட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காப்பதும் அதே மெலனின்தான்.

மூக்கும் தலையும்

நிறத்தோடு நிற்காமல், குளிப்பாட்டும்போது மூக்கை நீவிக் கூராக்கப் பார்ப்பதும் தலையை அமுக்கி உருட்டுவதும் இன்னும் நடக்கின்றன. நீவுவதால் மூக்கின் வடிவம் மாறாது. பிரசவ நெருக்கத்தில் நீண்ட தலை தானாகவே சீராகும். இவற்றோடு மூக்கில் எண்ணெய் விடுவதும் உண்டு; அதுதான் மிக ஆபத்தானது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும்.

களிம்புகள்

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகுக் களிம்பின் பெயர் 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. வீட்டுப் பேச்சு அவ்வளவு விரைவாக மாறவில்லை. நிறம் வேண்டி டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு முதலில் முகத்தை வெளுப்பாக்கும்; நாளடைவில் தோல் மெலியும், பருவும் முடியும் தோன்றும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், அதற்குப் பயந்தே மீண்டும் பூசுவார்கள். குழந்தையின் தோல் வழியே மருந்து உடலுக்குள் கூடுதலாகச் சேருவதால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். சில வெளுப்புக் களிம்புகளில் உள்ள பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். தாய் பூசியதுகூடக் கை, துணி வழியாகக் குழந்தையைச் சேரும்.

காதில் விழுவது

அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டினார்கள். மூன்று முதல் ஏழு வயதான அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். அந்த வயதிலேயே நிறங்களின் தரவரிசை மனத்தில் பதிந்துவிடுகிறது. இங்கே ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு’ என்ற பாராட்டும், ஆண்டுவிழா நடனத்தில் சிவந்த பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துவதும் அதே தரவரிசையைப் பதிய வைக்கின்றன. பவுடரை அப்பிக்கொள்வது, வெயிலில் விளையாட மறுப்பது, போட்டோவுக்கு நிற்காமல் ஒளிவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பிள்ளையின் எதிரில் நிறத்தைப் பேசாதிருக்கும்படி உறவினரிடம் பெற்றோர் நேராகச் சொல்லிவிடலாம். அதனால் வரும் சங்கடம் சிறியது.

கழுத்துக் கறுப்பு

நிற ஆசையால் கவனிக்கப்படாமல் போகும் நோய்க்குறி ஒன்று உண்டு. எடை கூடிய பிள்ளைகளின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போல ஆகும். அதை அழுக்கு என்று நாரால் தேய்ப்பார்கள். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.