வாளும் உறையும்

வீரனுக்கு வாள் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது உறை. உறையில்லா வாள் ஏந்தியவனையே காயப்படுத்தும். நம் உடலுக்குள்ளும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை இங்குக் காண்போம்.

குருதியின் வெள்ளணுக்களுள் ஒருவகை டி அணுக்கள். நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிர்ச்சி பெறுகின்றன. நச்சுயிரி புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் இனங்கண்டு அழிப்பது இவற்றின் பணி. பணி முடிந்தும் சீற்றம் தணியாவிடில், நலமான உறுப்புகளையும் இவை தாக்கிவிடும். அதனைத் தடுக்கும் உறைகளுள் ஒன்றே டி அணுவின் மேற்பரப்பிலுள்ள பி.டி.-1 என்னும் புரதம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாசுகு ஹோஞ்சோ குழுவினர் 1992-இல் இதனைக் கண்டறிந்தனர். பின்னர், இப்புரதம் அற்ற எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் எதிர்ப்பாற்றல் அவற்றின் உடலையே தாக்கக் கண்டனர்.

பி.டி.-எல்1 என்னும் மற்றொரு புரதம் பி.டி.-1 உடன் இணைந்தால், ‘வாளை உறையிலிடு’ என்னும் ஆணை டி அணுவைச் சென்றடைகிறது. நலமான திசுக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி இது. ஆயின், புற்றணுக்கள் பலவும் இதே பி.டி.-எல்1 புரதத்தைத் தம்மேல் தாங்கி நிற்கின்றன. கள்வன் அரசனின் முத்திரை மோதிரத்தை அணிந்து வந்தால் காவலன் என் செய்வான்? பகையை இனங்கண்ட டி அணுவும் அவ்வாறே செயலற்று நிற்கிறது.

இவ்விணைப்பைத் தடுக்கும் மருந்துகளே நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் முதலியன. இவை இரண்டும் 2014-இல் அமெரிக்காவில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றன. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் இந்நோய் கல்லீரலிலும் மூளையிலும் பரவியிருந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாபும் அவருக்கு அளிக்கப்பட்டன; அவ்வாண்டு டிசம்பரில் நோயின் தடயம் இல்லை என அவரே அறிவித்தார். 2024-இல் மறைந்தபோது அவர்தம் அகவை 100. ஹோஞ்சோவும், சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றொரு தடுப்புப் புரதத்தை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும், இம்மருந்து எல்லாருக்கும் பயன் தருவதில்லை. உறையினின்றும் வெளிவந்த வாள் குடலையும் நுரையீரலையும் தைராய்டு சுரப்பியையும் தாக்கக்கூடும். மருந்து நிறுத்திப் பல திங்கள் கழிந்த பின்னும் இவை தோன்றலாம். ஆதலின், கடும் வயிற்றுப்போக்கோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

புற்றுநோய் என்றதும் நம்பிக்கை இழத்தலும் தவறு. புதுமருந்து என்றதும் அனைவரும் பிழைப்பர் எனக் கருதுதலும் தவறு. வாளை எப்போது உருவுவது, எப்போது உறையிலிடுவது என்று அறிவதே இன்றைய மருத்துவத்தின் முன்னுள்ள பெரும்பணி.