திரைப்படம் காட்டாத எஸ்-21: உத்தரவுக்காகக் காத்திருந்த கரஞ்ச்

ஹைதராபாத்: கடலைக் காண வேண்டுமானால் சுமார் 300 கி.மீ. பயணம் செய்ய வேண்டிய நகரம் இது. ஆயினும் இந்நகருக்கு மேற்கே, விகாராபாத் மாவட்டத்தின் தாமகுண்டம் காப்புக்காட்டில், 2024 அக்டோபர் 15-ஆம் தேதி இந்தியக் கடற்படை நிலையம் ஒன்றுக்குப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அடிக்கல் நாட்டினார். முதல்வர் ரேவந்த் ரெட்டியும் விழாவில் பங்கேற்றார். அங்கு கப்பல் வரப் போவதில்லை; பீரங்கியும் நிறுத்தப்பட மாட்டாது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதிக்கு தில்லியின் உத்தரவைக் கொண்டு சேர்ப்பது ஒன்றே அந்த நிலையத்தின் வேலை.

சாதாரண வானொலி அலைகள் கடல் நீருக்குள் செல்வதில்லை. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் வரை ஊடுருவும். அவற்றை அனுப்புவதற்கு வானளாவிய கோபுரங்களும் பரந்த நிலமும் தேவை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இவ்வகையில் நாட்டின் முதல் கடற்படை நிலையம். தாமகுண்டத்தில் அமைவது இரண்டாவது.

நீர்மூழ்கிக் கப்பலின் தளபதிக்கு உத்தரவு எப்போது கிடைக்கும், எத்தகைய உத்தரவு கிடைக்கும் என்பது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல. 1971 போரில் இந்தியாவின் நீர்மூழ்கித் தளபதிகள் நடத்திய போரே பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்தப் போரைப் பற்றி நாட்டு மக்களில் பலர் அறிந்திருப்பது ஹைதராபாத் தந்த வேறொரு கதையை.

இந்நகரைச் சேர்ந்த இயக்குநர் சங்கல்ப் ரெட்டியின் "காஜி' திரைப்படம் 2017 பிப்ரவரியில் வெளியானது. இந்தியில் அமிதாப் பச்சன், தெலுங்கில் சிரஞ்சீவி, தமிழில் சூர்யா ஆகியோர் பின்னணிக் குரல் கொடுத்திருந்தனர். சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது. விசாகப்பட்டினத்தை நெருங்கும் பாகிஸ்தானின் "காஜி' நீர்மூழ்கியை எதிர்கொள்ள இந்தியாவின் எஸ்-21 செல்கிறது. தாக்குதல் நடத்த தில்லியின் அனுமதி இல்லை. கேப்டன் ரன்விஜய் சிங்கோ அனுமதிக்காகக் காத்திருக்கும் மனிதரல்லர். அவரைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட இளைய அதிகாரியே இறுதியில் காஜியை டார்பிடோவால் மூழ்கடிக்கிறார்.

இது புனைவு என்பதைப் படமே ஒப்புக்கொண்டது. ஆகவே அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எஸ்-21 புனைவன்று. அது ஐ.என்.எஸ். கரஞ்ச் நீர்மூழ்கியின் உண்மையான எண். 1971 போரில் கரஞ்ச் வங்கக் கடலில் இல்லை. தீபகற்பத்தின் மறுபுறம் அரபிக் கடலில் இருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவரின் பெயர் விஜய் சிங் ஷெகாவத்.

கடன் தர மறுத்த பிரிட்டன்

ஷெகாவத் கடற்படையில் அதிகாரியான காலத்தில் இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. 1964-இல் அமெரிக்காவிடமிருந்து பாகிஸ்தான் பெற்ற "டயாப்லோ' என்ற பழைய நீர்மூழ்கியே காஜி ஆயிற்று. 1965 போரின்போது துணைக்கண்டத்தில் இருந்த ஒரே நீர்மூழ்கி அதுதான். அது எங்கே இருக்கிறது என்ற கவலையே இந்தியக் கடற்படையின் நடமாட்டத்தைப் பாதித்தது.

இந்தியா முதலில் நாடியது பிரிட்டனை. தில்லி கோரிய கடன் வசதிக்கு லண்டன் இணங்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் மாஸ்கோவின் கதவைத் தட்ட, 1965-இல் நான்கு "ஃபாக்ஸ்டிராட்' ரக நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் மரபில் ஊறிய அதிகாரிகளும் மாலுமிகளும் ரஷ்ய மொழி கற்று, விளாடிவாஸ்டாக்கின் கடுங்குளிரில் பயிற்சி பெற்றனர். முதல் நீர்மூழ்கியான கல்வாரி 1967 டிசம்பர் 8-இல் ரீகா துறைமுகத்தில் படையில் சேர்ந்தது. அதன் முதல் தளபதி கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1968 ஜூலையில்தான் அவர் கல்வாரியை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

காண்டேரியை அடுத்து, 1969 செப்டம்பரில் கரஞ்ச் வந்தது. முதல் தளபதி எம்.என்.ஆர். சாமந்த். ரீகாவில் அதை ஏற்றுக்கொண்ட முதல் குழுவில் ஷெகாவத்தும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் குர்சுரா சேர்ந்தது. போருக்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன.

கட்டப்பட்ட கைகள்

ஃபாக்ஸ்டிராட் சுமார் 91 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய். அதற்குள் 75 பேர், மூன்று டீசல் என்ஜின்கள், மின்கலங்கள், 22 டார்பிடோக்கள். குளிர்ந்த கடலுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கப்பலில், அரபிக் கடலின் வெப்பத்தில் வாரக்கணக்கில் இருப்பது என்னவென்பதை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுராவுக்குள் பத்து நிமிடம் நடந்தாலே ஓரளவு ஊகிக்கலாம். அங்கே வாசலும் வெளிச்சமும் உண்டு என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்ய, நீர்மட்டத்தை ஒட்டி வந்து காற்றுக்குழாயை உயர்த்தியாக வேண்டும். கரையிலிருந்து வரும் செய்தியைப் பெறவும் ஆன்டெனா நீருக்கு மேலே வர வேண்டும். அப்போது கட்டபொம்மன் நிலையம் இல்லை. மேலே வந்தால் எதிரி விமானத்தின் கண்ணில் படலாம். வராவிட்டால் போர் தொடங்கிவிட்டதா என்பதே தெரியாது.

1971 நவம்பரில் கமாண்டர் அருண் ஆடிட்டோ தலைமையில் குர்சுரா அரபிக் கடலில் ரோந்து சென்றது. அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் இவை: குறிப்பிட்ட அட்சரேகைகளையும் கப்பல் போக்குவரத்துப் பாதைகளையும் தாண்டக் கூடாது, குறிப்பான உத்தரவு வந்தாலோ, தற்காப்புக்காகவோ மட்டுமே தாக்கலாம். குர்சுராவைத் தொடர்ந்து கரஞ்ச் சென்றது. காண்டேரி கிழக்கே வங்கக் கடலுக்கு அனுப்பப்பட்டது.

டிசம்பர் 3-இல் போர் மூண்ட பிறகும் நிலைமை எளிதாகிவிடவில்லை. கராச்சியை நோக்கி எந்நாட்டு வணிகக் கப்பலும் வரலாம். நடுநிலை நாட்டுக் கப்பல் ஒன்று இந்திய டார்பிடோவால் மூழ்கினால், வங்கதேச விவகாரத்தில் ஐ.நா. சபையில் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த தில்லிக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்திருக்காது. டிசம்பர் 4 இரவும் 8 இரவும் கராச்சியைத் தாக்கிய நமது ஏவுகணைப் படகுகளும் அந்தக் கடலில்தான் இயங்கின. பெரிஸ்கோப்பில் தெரியும் நிழல் எதிரியுடையதா, அந்நியருடையதா, நம்முடையதா? உறுதியாகத் தெரியாமல் சுட முடியாது. எதிரியின் கடற்பரப்பில் ரோந்தை முடித்து, கப்பலையும் குழுவையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார் ஷெகாவத். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. போர் முழுவதிலும் இந்திய நீர்மூழ்கி எதுவும் எதிரிக் கப்பலை மூழ்கடிக்கவில்லை.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் டிசம்பர் 9-ஐச் சுட்டுவர். அன்றிரவு டையூ அருகே பாகிஸ்தானின் "ஹங்கோர்' நீர்மூழ்கி, ஐ.என்.எஸ். குக்ரியை டார்பிடோவால் தாக்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உள்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலில் மாண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரி. ஆனால் ஹங்கோரின் தளபதி அகமது தஸ்னீமும் இதே விலங்கைச் சுமந்தவர்தான். போருக்குச் சற்று முன் மும்பையிலிருந்து புறப்பட்ட இந்தியக் கப்பல் அணி அவரது நீர்மூழ்கியின் எல்லைக்குள் வந்தது. சுட உத்தரவு இல்லாததால் அதைக் கடந்துபோக விட்டார். அவர் அன்று பொறுமை இழந்திருந்தால் போர் எந்த நாளில், யாரால் தொடங்கியதாக வரலாறு சொல்லியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

காஜியைப் பொருத்தவரை, அது மூழ்கியது டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில். நாகர்கோவிலில் பிறந்தவரான கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை அந்தமானில் மறைத்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோன்ற தோற்றத்தை உருவாக்கினார். தேடி வந்த காஜியை ஐ.என்.எஸ். ராஜ்புத் நாசகாரிக் கப்பல் ஆழ்வெடிகுண்டுகளால் தகர்த்தது என்பது இந்தியத் தரப்பின் கூற்று. தான் வைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது அல்லது உள்வெடிப்பில் மூழ்கியது என்கிறது பாகிஸ்தான். இந்தியக் கடற்படையின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலரும் உள்வெடிப்பையே சாத்தியமாகக் கருதினர். கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தில் இருந்த காஜி தொடர்பான ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வெளியானது. ஆவணத்தை அழித்துவிட்டுத் திரைப்படத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் தேசத்தில், படத்தை உண்மையென நம்பும் இளைஞரைக் குறை சொல்ல முடியாது.

சாமந்தின் வேறொரு போர்

கரஞ்சின் முதல் தளபதி சாமந்துக்குப் போரில் நீர்மூழ்கி கிடைக்கவில்லை. ஒருவிதத்தில் நீர்மூழ்கி வீரர்கள் கிடைத்தனர். பிரான்சின் டூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தான் பெறவிருந்த "மாங்ரோ' நீர்மூழ்கியிலிருந்து 1971 மார்ச் இறுதியில் வங்காளி மாலுமிகள் சிலர் வெளியேறினர். அவர்களில் எட்டுப் பேர் ஸ்பெயினில் இருந்த இந்தியத் தூதரகத்தின் உதவியால் தில்லி வந்து சேர்ந்தனர். அவர்களைக் கொண்டு பிளாசியில் ரகசியப் பயிற்சி முகாம் அமைக்கப்பட்டது. வயல்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வந்த வங்காளி இளைஞர்கள், வெடியைக் கட்டிக்கொண்டு இரவில் ஆற்றில் நீந்தக் கற்றனர். ஆகஸ்ட் நடுவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய இடங்களில் ஒரே நேரத்தில் கப்பல்களை அவர்கள் தகர்த்தனர். அந்த நடவடிக்கையை இயக்கியவர்களில் முக்கியமானவர் சாமந்த். டிசம்பரில் துப்பாக்கிப் படகுகளுடன் மோங்லா, குல்னா வரை சென்றபோது, 10-ஆம் தேதி நமது விமானப் படையே அடையாளம் தெரியாமல் அவற்றில் இரண்டைத் தாக்கியது. சாமந்துக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஆனால் ரகசியம் கருதி அவரது கதை பல்லாண்டுகள் பேசப்படவே இல்லை. 2019 மார்ச்சில் அவர் மும்பையில் காலமானார்.

சவுத் பிளாக்கிலிருந்து தாமகுண்டத்துக்கு

ஷெகாவத் 1993 செப்டம்பர் முதல் 1996 செப்டம்பர் வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். நீர்மூழ்கிப் பிரிவிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் அதிகாரி அவரே. உத்தரவுக்காகக் கடலடியில் காத்திருந்தவர், உத்தரவு புறப்படும் தில்லி சவுத் பிளாக்கில் அமர்ந்தார்.

இன்று அந்த உத்தரவின் எடை பலமடங்கு கூடியுள்ளது. அணுசக்தியால் இயங்கும் அரிஹந்த் 2009 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் கடலில் இறக்கப்பட்டது. அதன் முதல் ரோந்து நிறைவடைந்ததாக 2018 நவம்பரில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். இரண்டாவதான அரிகாத் 2024 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. இவற்றுக்கான ஏவுகணைகள் உருவானது ஹைதராபாத் ஆய்வுக்கூடங்களில். முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்துள்ள நாட்டில், பிரதமர் தலைமையிலான அரசியல் குழு சொல்லாமல் எந்தத் தளபதியும் அவற்றை ஏவ முடியாது. ரன்விஜய் சிங்கைப் போன்ற ஒருவருக்கு இந்தக் கப்பலில் இடமே இல்லை.

தாமகுண்டம் அவசியமா என்பதற்கு இது பதில். தாமகுண்டத்தில்தான் அமைய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. சுமார் 2,900 ஏக்கர் காப்புக்காடு கடற்படைக்குத் தரப்பட்டது. மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரி மலைப் பகுதியில் மரங்கள் வெட்டப்படும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளும், காட்டுக்குள் உள்ள ராமலிங்கேஸ்வரர் கோயிலுக்குச் செல்லும் வழி அடைபடும் என்று கிராம மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாரத ராஷ்டிர சமிதியின் கே.டி. ராமராவ் திட்டத்தை எதிர்த்தார். நிலத்துக்கான அரசாணை 2017-இல் உங்கள் ஆட்சியில்தானே வந்தது என்று காங்கிரஸ் திருப்பிக் கேட்டது. தேசப் பாதுகாப்பு என்றதும் எதிர்க்கேள்வி கேட்பவரைச் சந்தேகிப்பது தில்லியில் எளிது. வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கையில் இரு தரப்பும் கூறும் கணக்குகள் ஒன்றோடொன்று நெருங்கவே இல்லை என்பதற்கு அந்தச் சந்தேகம் விடையாகாது.

பழைய கரஞ்ச் 2003-இல் ஓய்வு பெற்றது. 2021 மார்ச் 10-ஆம் தேதி, மும்பை மஸகான் கப்பல்கட்டும் தளத்தில் உருவான புதிய நீர்மூழ்கி ஒன்று அதே பெயருடன் கடற்படையில் சேர்க்கப்பட்டது. விழாவின் தலைமை விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தவர் ஓய்வுபெற்ற அட்மிரல் விஜய் சிங் ஷெகாவத். 1969-இல் ரீகாவில் பழைய கரஞ்சை ஏற்றுக்கொண்டபோதும், 1971-இல் அதைப் போருக்குக் கொண்டுசென்றபோதும் அதில் இருந்தவர் அவர்.